ஃபிட்டர் அப்பாரு பதில்கள்: கேட்டுக்கு அடிச்ச பெயின்ட்

போன இதழ்ல சூலூர் வாசகர் ஒருத்தர், "ஏர் இந்தியா விமானமெல்லாம் புதுக் கலர்ல பளபளன்னு வருதே, கம்பெனி தேறிடுச்சா?"ன்னு கேட்டிருந்தார். "மில்லு கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சா உள்ள நூல் நூக்கற ஸ்பிண்டில் சுத்தாதுங்க"ன்னு ஒத்தை வரியில பதில் போட்டேன். அதுக்கு வந்த கடுதாசிகளை ஆசிரியர் ஒரு மஞ்சப்பையில கட்டி வீட்டுக்கே அனுப்பிட்டார். பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டை நான் வெச்சுக்கிட்டேன். கேள்விக்கு இந்த வாரம் பதில். மாட்டு மடிநோயும் மருமகள் பஞ்சாயத்தும் அடுத்த இதழுக்குப் போகுதுங்க.

"விமானத்தைப் பத்தி மில்லு ஃபிட்டருக்கு என்ன தெரியும்?"னு ரெண்டு பேர் கேட்டிருக்கறாங்க. நியாயந்தான். 38 வருஷம் ஸ்பின்னிங் மில்லுல இருந்தேன், கடைசியில மெயின்டனன்ஸ் மேஸ்திரி. நொடிச்சுப்போன மில்லு ஒண்ணு கை மாறினப்ப அதுக்கு உள்ள நின்னு பார்த்தவன். வீடு சின்னியம்பாளையம். கோயமுத்தூர் ஏர்போர்ட் இருக்கற பீளமேட்டுல எறங்கற பிளேனு எங்க மொட்டை மாடியில காயற வடாத்துக்கு ஒரு நொடி நிழல் குடுத்துட்டுப் போகும். நான் ஏறிப் போனது மொத்தம் நாலு தடவை. மிச்சமெல்லாம் பேப்பர் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. வழக்கம்போல பேர் போடலை, ஊர் மட்டுந்தான்.

விசைத்தறிக்காரர், பல்லடம்: 61,000 கோடிக்கு மேல் கடன் இருந்த கம்பெனியை வெறும் 18,000 கோடிக்கு டாடாவுக்குக் கொடுத்தார்கள். இது தாரை வார்த்ததுதானே?

தாரை வார்த்ததுன்னா, அதைவிட அதிகம் குடுக்கறேன்னு ஒருத்தன் பக்கத்துல நின்னிருக்கணுமுங்க. 2018-ல 76 சதவீதப் பங்கை விக்கறோம்னு அரசாங்கம் கூவிப் பார்த்துச்சு. ஒரு ஆளு வரலை. மாட்டை ஓட்டிட்டுப் போ, மூக்கணாங்கயிறு என் கையிலயும் கொஞ்சம் இருக்கட்டும்னு சொன்னா கண்ணபுரம் சந்தையில எவன் வாங்குவான்? அப்புறம் 2020-ல நூறு சதவீதமும் எடுத்துக்கங்கன்னு எறங்கி வந்தாங்க. 2021 அக்டோபர் 8-ம் தேதி முடிவு சொன்னாங்க. அரசாங்கம் உள்ளுக்குள்ள வெச்சிருந்த அடிவிலை 12,906 கோடி. ஸ்பைஸ்ஜெட் அஜய் சிங் தலைமையில வந்த கூட்டு கேட்டது 15,100 கோடி. டாடா கேட்டது 18,000.

இப்ப அந்த 18,000-ஐப் பிரிங்க. அதுல ரொக்கம் 2,700 கோடிதான். மிச்சம் 15,300 கோடி, கம்பெனி மேல இருந்த கடனுக்கு நான் பொறுப்புன்னு எடுத்துக்கிட்டது. அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில மொத்தக் கடன் 61,562 கோடி. கழிச்சுப் பார்த்தீங்கன்னா 46,262 கோடி நிக்குது. அதை அரசாங்கம் தனியா ஒரு கம்பெனியில ஏத்தி வெச்சுக்கிச்சு. ஏத்தி வெச்சதுன்னா நீங்களும் நானும் கட்டறதுங்க. நிலம், கட்டடமெல்லாம் டாடாவுக்குப் போகலை, இந்தக் கம்பெனிகிட்டயே நின்னுச்சு. மும்பை நரிமன் பாயின்ட்ல கடலைப் பார்த்து நிக்குதே அந்தப் பெரிய கட்டடம், அதை மகாராஷ்டிர அரசுக்கு 1,601 கோடிக்குக் குடுத்தாங்க. 1,601 எங்க, 46,262 எங்க. ஆனைப் பசிக்குச் சோளப்பொரி.

அதனால உங்க கோபம் சரிதான், அது நிக்கற இடந்தான் மாறிப்போச்சு. வித்தப்ப வந்த கோபம் கடன் ஏறினப்ப வந்திருக்கணும். நாளொண்ணுக்கு 20 கோடி நட்டம்னு பங்கு விற்பனைத் துறைச் செயலாளரே சொன்னார். நாம அப்ப டீக்கடையில பெட்ரோல் விலையைப் பேசிட்டிருந்தோம்.

எங்க மில்லு கை மாறினப்ப நடந்ததைச் சொல்றேன். வாங்க வந்தவர் வெள்ளை வேட்டி கசங்காம, பஞ்சைப் பிரிச்சுச் சுத்தம் பண்ற ப்ளோ ரூம் வாசல்ல நின்னு ஒரு தடவை எட்டிப் பார்த்தார். நூல் நூக்கற ஃப்ரேமைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. ஸ்டோர்ஸ்ல நாங்க துடைச்சு அடுக்கி வெச்சிருந்த பாகத்தையும் பார்க்கலை. அவர் கேட்டது ரெண்டே ரெண்டு: கரன்ட்டு எத்தனை லோடு சாங்ஷன் ஆயிருக்கு? சோமனூர்ச் சந்தையில இந்த மில்லு நூலுக்கு இன்னும் பேர் இருக்கா? எங்களுக்கு அன்னிக்கு வெசனமாப் போச்சு. பின்னாடிதான் புரிஞ்சுது, மெஷினைக் காசு குடுத்தா எப்ப வேணாலும் வாங்கலாம். சாங்ஷனையும் பேரையும் கடையில விக்கறதில்லை.

ஏர் இந்தியாவுலயும் அதுதான் கதை. லண்டன் ஹீத்ரோவுல எறங்கி ஏற நேரம் கிடைக்கறது திருப்பதியில முன்வரிசை தரிசனம் மாதிரி. புதுசா ஒரு கம்பெனி போய்க் கேட்டா லேசுல கிடைக்காது. ஏர் இந்தியாகிட்ட அது பழைய பாத்தியதையா இருந்துச்சு. கூடவே ஏர் இந்தியா விமானம் 117, அதோட மலிவு டிக்கெட் கம்பெனி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் 24, ஆளுங்க 12,085 பேர், அதுல நிரந்தரம் 8,084. முதல் வருஷம் ஒருத்தரையும் நிறுத்தக் கூடாது, ரெண்டாம் வருஷம் நிறுத்தறதா இருந்தா வி.ஆர்.எஸ்.ங்கற விருப்ப ஓய்வு குடுத்துத்தான் அனுப்பணும்னு எழுதி வாங்கினாங்க. எங்க மில்லுல அந்த வரி இருந்திருந்தா நாப்பது பதிலி ஆளுங்க தெருவுல நின்னிருக்க மாட்டாங்க.

மோகனூர் வாசகர்: டாடா குழுமத்தின் தலைவரே எங்கள் ஊர்க்காரர். அப்புறம் ஏன் அப்பாரு இவ்வளவு சந்தேகம்?

ஊர்ப் பெருமை எனக்கும் உண்டுங்க. காவிரிக்கரையில, சர்க்கரை ஆலைச் சங்கு கேட்கற ஊர்ல, விவசாயக் குடும்பத்துல பொறந்து, அரசுப் பள்ளியில தமிழ்லயே படிச்சவர் சந்திரசேகரன். அப்புறம் படிச்சது இங்க பீளமேட்டுல சி.ஐ.டி. காலேஜு. அங்கிருந்து திருச்சி ஆர்.இ.சி.யில எம்.சி.ஏ. 1987-ல டி.சி.எஸ். வேலைக்குச் சேர்ந்தவர், 2017-ல குழுமத்தோட தாய்க் கம்பெனி டாடா சன்ஸுக்கே தலைவர் ஆனார். ஏர் இந்தியாவைத் திரும்பி வாங்கினது அவர் காலத்துல. 2022-ல அதோட போர்டுக்கும் அவரே தலைவரா உக்காந்தார்.

இதுல எனக்குப் பிடிச்சது ஒரு சின்ன விசயம். சி.ஐ.டி. காலேஜு விலாசம் என்ன தெரியுங்களா? அவினாசி ரோடு, சிவில் ஏரோட்ரோம் போஸ்ட். விமான நிலையத்துப் பேர்ல இருக்கற போஸ்ட் ஆபீசு. மோகனூர்லேர்ந்து வீட்டுக் கடுதாசி வந்திருந்தா அந்த முத்திரை குத்தித்தான் அந்தப் பையன் கைக்கு வந்திருக்கும்.

ஆனா தலைவர் நம்மூரா இருந்தா பிளேனு சீக்கிரம் கிளம்பிடாதுங்க. அன்னாடம் ஓட்டறது இன்னொருத்தர் வேலை. அதுக்கு முதல்ல துருக்கி ஏர்லைன்ஸ்ல இருந்த இல்கர் ஐஜியைக் கூப்பிட்டாங்க. இங்க எதிர்ப்பு கிளம்புச்சு, அவரே வேண்டாம்னுட்டார். அப்புறம் 2022-ல வந்தவர் நியூசிலாந்துக்காரர் கேம்பெல் வில்சன். யாருன்னு தெரியலையா? நம்ம பீளமேட்டுலேர்ந்து சிங்கப்பூர் போகுதே மஞ்சக் கலர் ஸ்கூட், அந்தக் கம்பெனியை ஆரம்பத்துலேர்ந்து நடத்தினவர்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்: "திரும்பி வாங்கினார்கள்" என்று ஏன் சொல்கிறார்கள்? முதலில் அது யாருடையது?

அவிங்க கட்டுத்தரையில பொறந்த கன்னுங்க டீச்சர். 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாடா ஒத்தை ஆளா ஒரு சின்ன புஸ் மாத் விமானத்துல கராச்சியில கிளம்பி, அகமதாபாத்துல எறங்கி எண்ணெய் போட்டுக்கிட்டு, பம்பாய் போய்ச் சேர்ந்தார். ஏத்தினது தபால் மூட்டை, ஆளுங்க இல்லை. பம்பாயிலேர்ந்து அதை வாங்கி பெல்லாரி வழியா மெட்ராசுக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். ஆக இந்த நாட்டோட முதல் டாடா விமானத் தபால் முடிஞ்ச இடம் நம்ம தமிழ்நாடு. இதை யாரும் பெருசாச் சொல்றதில்லை.

1946-ல ஏர் இந்தியான்னு பேர் வந்துச்சு. 1948 ஜூன்ல லண்டனுக்குப் போச்சு. 1953-ல நாட்டுடைமை. கம்பெனியை எடுத்துக்கிட்டாங்க, ஆனா டாடாவையே தலைவரா உக்கார வெச்சாங்க. 1978-ல மொரார்ஜி தேசாய் அரசாங்கம் அவரை எடுத்துச்சு. 2022 ஜனவரி 27-ம் தேதி மறுபடி அவிங்க கைக்குப் போச்சு. அதைப் பார்க்க ஜே.ஆர்.டி. இல்லை. 1993-லயே போயிட்டார்.

பனியன் ஏற்றுமதியாளர், திருப்பூர்: வாங்கி இத்தனை வருடம் ஆகியும் பழைய சீட்டு, பழைய டிவி என்கிறார்கள். காசு இருந்தும் ஏன் இவ்வளவு தாமதம்? நாங்கள் 45 நாளில் கன்டெய்னரே அனுப்புகிறோம்.

நீங்க 45 நாள்ல அனுப்பறீங்க, ஏன்னா தையல் மெஷின் உங்ககிட்ட ஓடிட்டிருக்குது. அது நின்னுபோன கம்பெனியை வாங்கியிருந்தா?

நொடிச்ச மில்லுல முதல்ல சாகறது ஸ்டோர்ஸுங்க. சம்பளம்கூட எப்படியாவது வந்துரும், பேரிங்கு வராது. ஒரு ஸ்பின்னிங் ஃப்ரேம் ரிப்பேராச்சுன்னா பாகம் வாங்கக் காசு இருக்காது. பக்கத்து ஃப்ரேம்ல கழட்டி இதுல மாட்டுவோம். அடுத்த வாரம் மூணாவது ஃப்ரேமுக்கும் அதுலயே கழட்டுவோம். அதுக்கு எங்க ஷிப்ட்ல "நேந்துவிட்ட கெடா"ன்னு பேரு. ஆறு மாசத்துல கெடாவோட எலும்பு மட்டும் நிக்கும். புது மொதலாளி வந்து, "இதை ஏன்யா ஓட்டலை?"ன்னு கேட்டப்ப நான் பதில் சொல்லாம நின்னது இன்னிக்கும் ஞாபகம் இருக்குது.

ஏர் இந்தியாவுலயும் டாடா வாங்கினப்ப ஏகப்பட்ட விமானம் பாகமில்லாம மூலையில நின்னுச்சு. முதல் வேலை அதுகளை எழுப்பிப் பறக்க விட்டது. அதை ஒருத்தரும் போட்டோ எடுக்கலை. 2023 ஆகஸ்ட்ல புதுச் சின்னம் போட்டு வெச்சாங்க, அதை நாடே போட்டோ எடுத்துச்சு. நான் பெயின்ட்னு சொன்னது இதைத்தான்.

புது விமானத்துக்கு வருவோம். 2023 பிப்ரவரியில 470 விமானத்துக்குச் சொன்னாங்க. ஏர்பஸ்ல 250, போயிங்ல 220. அடுத்த வருஷம் டிசம்பர்ல ஏர்பஸ்ஸுக்கு இன்னொரு 100. கேட்க ஆனந்தமா இருக்குது. ஆனா உலகத்துல பெரிய விமானம் செய்யற கடை ரெண்டுதான், ரெண்டு வாசல்லயும் வரிசை நிக்குது. எங்க காலத்துலயே நல்ல ஃப்ரேமுக்கு அட்வான்ஸ் கட்டிட்டு வருஷக் கணக்கா காத்திருந்திருக்கறோம். அது மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கற பேக்டரியில செய்யறது! 2024 ஜனவரியில அமெரிக்காவுல ஒரு போயிங் விமானத்துல பறக்கறப்பவே பக்கவாட்டுத் துண்டு ஒண்ணு பிச்சுக்கிட்டுப் போச்சு. அங்க இருக்கற விமானத்துறை, மாசத்துக்கு 38-க்கு மேல அந்த ரகத்தைச் செய்யாதேன்னு கட்டிப் போட்டுச்சு. அதே வருஷம் தொழிலாளிங்க ஏழு வாரத்துக்கு மேல ஸ்ட்ரைக். டாடா ஆர்டர் குடுத்த 777எக்ஸ் ரகம் 2020-ல வரவேண்டியது, தள்ளித் தள்ளிப் போயிட்டே இருக்குது.

சீட்டு கதை தனி. பழைய விமானம் 67-ஐ உள்ள பிரிச்சு மாத்த 40 கோடி டாலர் ஒதுக்கினாங்க. 27 சின்னது, 40 பெருசு. சீட்டுன்னா நம்ம சோபாக்காரன்கிட்ட அளவு குடுத்து வாங்கறதில்லீங்க. தீயில காட்டி, இழுத்துப் பார்த்து, மோதவிட்டுச் சான்று வாங்கின சீட்டுத்தான் மாட்டணும். செய்யற கம்பெனி உலகத்துலயே விரல் விட்டு எண்ணற அளவுதான். அதனால பெரிய விமானத்துல முதலாவது, மராமத்துக்குக் கலிபோர்னியா கிளம்பினதே 2025 ஜூலையிலதான். அதே வருஷம் ஏப்ரல்லேர்ந்து பாகிஸ்தான் வான்வழி அடைச்சுப் போச்சு, அமெரிக்கா ஐரோப்பா போற விமானமெல்லாம் சுத்திட்டுப் போக வேண்டியதாச்சு. எண்ணெய்க் காசு யாரு குடுப்பா?

நட்டம் குறைஞ்சிருக்குதான்னு பாருங்க. 2022-23-ல 11,388 கோடி நட்டம், அடுத்த வருஷம் 4,444 கோடி. அந்த ரெண்டு வருஷக் கணக்குல எறங்குமுகம், ஆனா நட்டம் நட்டந்தானுங்க. என்கிட்ட மில்லைக் காட்டி "தேறுமா மேஸ்திரி?"ன்னு யாராச்சும் கேட்டா நான் கேட்டைப் பார்க்க மாட்டேன், ஸ்டோர்ஸ்ல பேரிங்கு இருக்கான்னு பார்ப்பேன். விமானத்துல ஏறறவர் நீங்க. சொன்ன நேரத்துக்குக் கிளம்புதான்னு ஒரு வருஷம் குறிச்சு வெச்சுட்டு எனக்கு எழுதுங்க.

இன்னொண்ணு. ஸ்பின்னிங் மெஷின் செஞ்ச நம்ம எல்.எம்.டபிள்யூ. இப்ப விமானத்துக்கும் பாகம் செய்யுது. கோயமுத்தூர்க்காரன் கை எங்கயோ ஒரு விமானத்துக்குள்ள இருக்குதுன்னு நினைக்கறப்ப எனக்குக் கொஞ்சம் திமிராத்தான் இருக்குது.

சேலம் வாசகர்: எங்கள் ஊருக்கு வரும் அலையன்ஸ் ஏரும் டாடாவுடையதா?

இல்லீங்க. அது விற்பனையில சேரலை, அரசாங்கத்துக்கிட்டயே இருக்குது. உங்க காமலாபுரம் ஏர்போர்ட்டுல 2023 அக்டோபர்ல மறுபடி விமானம் எறங்க ஆரம்பிச்சப்ப வந்த கம்பெனிகள்ல அதுவும் ஒண்ணு.

ஈரோடு, மஞ்சள் மண்டி: நாலு கம்பெனியைச் சேர்த்து ரெண்டாக்கிவிட்டார்கள். பங்காளிகள் ஒரே வீட்டில் இருப்பார்களா?

மஞ்சள் மண்டிக்காரருக்குக் கேள்வி கேட்கத் தெரியுது.

ஏர் இந்தியாவைக் கெடுத்ததுல பாதிப் பங்கு ஒரு கல்யாணத்துக்குத்தான். 2007-ல வெளிநாடு போற ஏர் இந்தியாவையும் உள்ளூர் ஓட்டற இந்தியன் ஏர்லைன்ஸையும் சேர்த்து வெச்சாங்க. அதுக்கு முன்னாடியே ரெண்டும் சேர்ந்து 111 விமானத்துக்குக் கடன்ல ஆர்டர் குடுத்திருந்துச்சு. சேர்ந்த வருஷத்துலேர்ந்து விக்கற வரைக்கும் ஒரு வருஷம்கூட நிகர லாபம் இல்லை. ஆனா காசைவிடப் பெரிய சண்டை சீனியாரிட்டிங்க.

இது மில்லுக்காரனுக்கு நல்லாவே புரியும். ரெண்டு யூனிட்டை ஒண்ணாக்கறப்ப, அங்க பதினஞ்சு வருஷம் சர்வீஸ் போட்ட, ஃப்ரேம் ஓட்டற சைடர் பெரியவனா, இங்க பன்னெண்டு வருஷம் போட்ட ஃபிட்டர் பெரியவனா? கூலி ரெண்டு ரூபா கம்மின்னாக்கூட மனுசன் பொறுத்துக்குவான். புது ஃப்ரேமை அந்த யூனிட்காரனுக்குக் குடுத்தீங்கன்னா பொறுக்கவே மாட்டான். அங்கயும் அதே. ட்ரீம்லைனர்னு புது விமானம் வரப்போகுது, அதை ஓட்டற பயிற்சியை இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுக்கும் குடுக்கறதான்னு பழைய ஏர் இந்தியா பைலட்டுங்க 2012-ல 58 நாள் வேலைக்கு வரலை. சேர்ந்து அஞ்சு வருஷம் ஆயிருந்துச்சு அப்ப! ரெண்டு பக்கத்தையும் ஒரே படியில நிறுத்த அதுக்கு முன்னாடியே நீதிபதி தர்மாதிகாரி தலைமையில கமிட்டி போட வேண்டியிருந்துச்சு.

இந்தத் தடவை கொஞ்சம் சூதானமாத்தான் போயிருக்கறாங்க. டாடாகிட்ட ஏர் ஏசியா இந்தியாவா இருந்ததை ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்ல 2024 அக்டோபர் 1-ல சேர்த்தாங்க, அது மலிவு டிக்கெட். விஸ்தாராவை ஏர் இந்தியாவுல நவம்பர் 12-ல சேர்த்தாங்க, அது பெரிய டிக்கெட். விஸ்தாராவுல பங்கு வெச்சிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு இப்ப ஏர் இந்தியாவுல 25.1 சதவீதம். ஒரே மாதிரி தொழிலை ஒரே மாதிரியோட சேர்த்தது நல்ல யோசனை. ஆனா விஸ்தாராவுல போயிட்டிருந்தவங்களுக்கு நல்ல மருமக கூட்டுக் குடும்பத்துல மாட்டிக்கிட்ட வருத்தம் இருக்கத்தான் செய்யுது. என் பெரிய மருமகளும் அதைத்தான் சொல்லுது. விமானத்தைப் பத்தித்தானுங்க.

பெயர், ஊர் வேண்டாம்: அகமதாபாத் விபத்துக்குப் பிறகு மகனை லண்டனுக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது. தப்பு யாருடையது என்று நினைக்கிறீர்கள்?

உங்க பயத்துக்கு நான் பதில் சொல்ல முடியாதுங்க, அம்மா. 2025 ஜூன் 12-ம் தேதி கிளம்பின விமானத்துல 242 பேர். பிழைச்சது ஒருத்தர். விழுந்த இடம் மருத்துவக் கல்லூரி விடுதி. தரையில இருந்தவங்களையும் சேர்த்து 260 உசுரு. அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டு மேல போன ஒவ்வொரு பிளேனையும் நான் திண்ணையில உக்காந்து எறங்கற வரைக்கும் பார்த்துட்டிருந்தேன்.

தப்பு யாருதுன்னு கேட்கறீங்க. நான் இதை எழுதற வரைக்கும் என் கைக்கு வந்தது முதற்கட்ட அறிக்கைதான். தரையை விட்டுக் கிளம்பின உடனே ரெண்டு என்ஜினுக்கும் எண்ணெய் விடற சுவிட்சு, ஒரு நொடி இடைவெளியில ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு அடைபட்டுச்சுன்னு அதுல இருக்குது. "ஏன் அடைச்சே?"ன்னு ஒருத்தர் கேட்க, "நான் அடைக்கலை"ன்னு மத்தவர் சொல்ற குரலும் பதிவாயிருக்குது. அதுக்கு மேல டிவியில பேசறதெல்லாம் அவிங்கவிங்க கற்பனை.

எங்க மில்லுல ப்ளோ ரூம்ல ஒரு தடவை தீப் புடிச்சுது. நைட் ஷிப்ட் ஆள் ஒருத்தர் போயிட்டார். விடியறதுக்குள்ள "அவன் பீடி குடிச்சான்"னு ஆபீசுல எழுதி முடிச்சுட்டாங்க. அவர் பீடியே தொடாதவர். மூணு மாசம் கழிச்சு நானும் இன்னொரு ஃபிட்டரும் பஞ்சு போற டக்ட் குழாயைக் கழட்டினப்ப உள்ள ஒரு இரும்புத் துண்டு கிடந்துச்சு. பருத்தியோட வந்து, பஞ்சை அடிக்கற பீட்டர் மெஷின்ல உரசிப் பொறி கிளப்பினது அதுதான். அந்தத் துண்டைக் கொண்டுபோய் ஆபீசு மேசையில வெச்சேன். எழுதினதை யாரும் திருத்தலை. அவர் சம்சாரம் அந்தப் பேரோடவே ஊர்ல வாழ்ந்துட்டுப் போச்சு. செத்தவங்க வந்து பதில் சொல்ல முடியாதுங்கற ஒரே காரணத்துக்காக அவிங்க மேல எழுதக் கூடாதுங்க.

மகன் போற அன்னிக்கு விமானம் கிளம்பற வரைக்கும் ஏர்போர்ட்டிலயே இருங்க. வீட்டுல தனியா உக்காந்திருக்காதீங்க.

பிளஸ் 2 மாணவி, அவினாசி: விமானம் பழுது பார்க்கும் வேலைக்குப் பெண்கள் போகலாமா? என்ன படிக்க வேண்டும்?

தாராளமாப் போ அம்மிணி. பிளஸ் 2-வுல இயற்பியல், வேதியியல், கணக்கு வேணும். அதுக்கப்புறம் ஏ.எம்.இ.ன்னு ஒரு படிப்பு. விமானத் துறையைக் கண்காணிக்கற அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வோட அங்கீகாரம் இருக்கற நிறுவனமான்னு முதல்ல பாரு, பீஸ் கட்டினப்புறம் பார்க்காதே. என்ஜின் பக்கம் போகணும்னா பி1, மின்னணுப் பக்கம்னா பி2. படிச்சு முடிச்ச சான்றிதழ் மட்டும் பத்தாது, டி.ஜி.சி.ஏ. பரீட்சை ஒவ்வொண்ணா எழுதி, வேலை அனுபவம் காட்டி, லைசென்ஸ் வாங்கினாத்தான் உன் கையெழுத்துக்கு விமானம் கிளம்பும். எத்தனை பெரிய மொதலாளியா இருந்தாலும் அந்தக் கையெழுத்து இல்லாம ஒரு அடி நகர்த்த முடியாது. எனக்கு 38 வருஷத்துல அப்படி ஒரு கையெழுத்து இருந்ததில்லை. நான் வேண்டாம்னு சொன்ன ஃப்ரேமையும் சூபர்வைசர் ஓட்டச் சொல்லுவார், ஓட்டுவோம்.

இந்தத் துறையில ஆளு பத்தலை. கை கருப்பாகும், ராத்திரி ஷிப்ட் இருக்கும். அதுக்குச் சம்மதம்னா அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு.

கரூர் வாசகர்: அரசு நடத்தினால் எதுவும் உருப்படாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

வேணுமுங்க. அவசரப்படாதீங்க.

1990-ல சதாம் உசேன் குவைத்துக்குள்ள புகுந்தப்ப, அங்க மாட்டின நம்ம ஆளுங்களை ஜோர்டான்லேர்ந்து அள்ளிக்கிட்டு வந்தது யாரு? இதே அரசாங்க ஏர் இந்தியாதான். ரெண்டு மாசம், கிட்டத்தட்ட 500 நடை, லட்சத்துக்கு மேல ஜனம். லாபம் பார்க்கற கம்பெனி போர்டுல உக்காந்து கணக்குப் போட்டிருந்தா பாதிப் பேர் ஜோர்டான் பாலைவனத்துலயே நின்னிருப்பாங்க. எங்க ஒரம்பரை ஒருத்தர் அதுல வந்தவர். சாகற வரைக்கும் ஏர் இந்தியாவைக் குத்தம் சொன்னா எந்திரிச்சுப் போயிடுவார்.

அதே சமயத்துல இதையும் சொல்லணும். நம்ம கோயமுத்தூர்ல நலிஞ்சுபோன மில்லுங்களைக் காப்பாத்தறோம்னு 1974-ல சட்டம் போட்டு என்.டி.சி.ங்கற தேசியப் பஞ்சாலைக் கழகத்துல சேர்த்தாங்க. ஆயிரக்கணக்கான குடும்பம் அதுல கஞ்சி குடிச்சுது. ஆனா 2020 ஊரடங்குல நின்ன சங்கு அதுக்கப்புறம் பழையபடி ஊதலை. அந்தப் பக்கம் போறப்ப கேட்டுக்கு உள்ள புளியமரம் மட்டும் செழிப்பா நிக்கறதைப் பார்த்திருப்பீங்க. தனியார் மட்டும் என்ன? நம்ம ஊரையே தலைமையிடமா வெச்சு 2016-ல ஏர் கார்னிவல்னு ஒரு விமானக் கம்பெனி கிளம்புச்சு. அடுத்த வருஷமே நின்னு போச்சு. மில்லையும் விமானத்தையும் ராத்திரியில போய்ப் பார்க்கற மொதலாளி வேணும், அது அரசாங்கமானாலும் சரி, டாடாவானாலும் சரி. அரசாங்கத்துல அந்த ராத்திரி ஆள் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா மாறிப்போயிடறார், அதுதான் வினை.

அம்மா ஒருவர், காங்கேயம்: மகள் துபாயில் இருக்கிறாள். எங்கள் களத்தில் காய வைத்த கொப்பரை இரண்டு கிலோ பெட்டியில் வைத்துக் கொடுக்கலாமா? விமானத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்கிறார்கள்.

புடுங்கிடுவாங்க அம்மிணி, அவிங்க பண்றதும் சரிதான். கொப்பரையில எண்ணெய் இருக்குது, அடைச்சு வெச்சா உள்ளுக்குள்ள தானா சூடேறிக் கங்கு வெச்சுக்கும். காங்கேயத்துக்காரங்களுக்கு நான் சொல்லணுமா, எத்தனை குடோனு புகைஞ்சதைப் பார்த்திருப்பீங்க. எந்தக் கம்பெனி விமானமானாலும் இது ஆகாது. தேங்காய் பர்பி பண்ணிக் குடுத்து அனுப்புங்க. ஏலக்காய் தட்டிப் போடுங்க, நாலு நாளைக்குக் கெடாது.